தோற்கத் தெரியாத மேடை நாயகத்துக்கு

நலம் சூழ்க, நாடு செழிக்க, நொச்சியாறு கரை மீறாது ஓடுக.

கடலும் கழியும் காவலாக நிற்கும் தாழைநாட்டின் முடியைத் தந்தையின் கையிலிருந்து பெற்று, அதன் கனம் கழுத்தில் தெரிந்தாலும் முகத்தில் தெரியாமல் அரியணையில் இருக்கும் அவனிமங்கையாகிய நாம் விடுக்கும் ஓலை இது. உப்பளப் போரில் பகைவரின் யானைகளைச் சேற்றுக்குள் வரவழைத்து வென்றவரும், அதற்காக ஏனாதிப் பட்டமும் பொற்கழலும் பெற்றவரும், நம் அன்னையின் தமையன் ஆதலால் நமக்கு அம்மானும், கடந்த மூன்று திங்களாக நம் ஆணையால் மேடை நாயகமாக இருந்து வருபவரும், அந்தக் கடைசிப் பட்டத்தை மட்டும் தம் ஓலைகளில் எழுத மறந்துவிடுபவருமான படைத்தலைவர் கொற்றம்பூதனார் இதைக் காண்க.

உம் ஆட்சிக்கு உட்பட்ட ஆற்றிடைத் திட்டும், அதன்மேல் எழுந்த மேடையும், ஒப்பனைக் கொட்டகையும், திரைகளும் கயிறுகளும், மர வாள்களும் மரக் குதிரைகளும், துணியால் ஆன யானையும், அதன் வயிற்றுக்குள் நின்று நடக்கும் இருவரும் நலமாக இருக்க வாழ்த்துகிறோம். கோட்டையில் அனைவரும் நலம். உம் தங்கையாகிய நம் அன்னை, நீர் வேளைக்கு உண்கிறீரா என்று கேட்கச் சொன்னார். கேட்டாயிற்று.

உம் ஓலை வந்தது. மேடை நாயகப் பொறுப்பிலிருந்து விடுவித்து எல்லைக் கோட்டைக்கே திருப்பி அனுப்புமாறு வேண்டியிருக்கிறீர். ஒத்திகையில் நேர்ந்த தவறுக்கு, கூத்தர்க்கு வேளை குறிக்க உம் கையிலிருந்த மஞ்சள் துணி தூணில் இருந்த ஆணியில் சிக்கிக்கொண்டதே காரணம் என்றும் எழுதியிருக்கிறீர். அம்மான், ஒத்திகை முடிந்து அனைவரும் கலைந்தபின் நாமே சென்று அந்தத் தூணைத் தடவிப் பார்த்தோம். வழவழப்பாக இழைத்த தேக்குத் தூண் அது. கூத்தரின் ஆடை கிழியும் என்பதால் மேடைத் தூண்களில் ஓர் ஆணியும் அடிக்கக் கூடாது என்று ஆணையிட்டவரே நீர்தாம் என்று தச்சர்கள் சொல்கிறார்கள்.

இந்த ஓலை ஆவணக் களரியில் வைக்கப்பட்டு நமக்குப் பின் வருவோராலும் படிக்கப்படும் ஆதலால், உமக்குத் தெரிந்ததையும் சொல்லியே ஆகவேண்டும் என்று நம் ஓலைநாயகம் கீரனார் எழுத்தாணியை நிறுத்திக்கொண்டு அமர்ந்திருக்கிறார். அவர் பிடிவாதம் உமக்குத் தெரியும். ஆகவே சொல்கிறோம்.

நமக்கும் ஆற்றின் மேல்கரையில் உள்ள முல்லைக்கோட்டு நாட்டுக்கும் பகை மூள்வது எவ்வளவு பழையதோ, அதைத் தீர்த்துக்கொள்ளும் வழக்கமும் அவ்வளவு பழையது. போர் ஓய்ந்து உடன்படிக்கை எழுதியபின், இரு நாட்டாரும் ஆற்றிடைத் திட்டில் மேடை கட்டி, அவரவர் தோற்ற போரை அவரவரே நடித்துக் காட்ட, வென்றவர் எதிரே அமர்ந்து காண்பர். வெற்றியை நடித்தால் மீண்டும் சண்டை வரும் என்பது முன்னோர் பட்டு அறிந்தது. கூத்தர்கள் இரக்கப்பட்டுத் தோல்வியை அழகுபடுத்திவிடக் கூடாது என்பதற்காக, அந்தப் போரைக் கண்ட ஒருவரே மேடை நாயகமாகி, யார் எப்போது நுழைவது, முரசு எப்போது நிற்பது, திரை எப்போது விழுவது என்று மறைவிலிருந்து நடத்த வேண்டும். மேடையில் நிற்கும் அரசன் வாளைத் தரையில் வைக்கும்போது, எதிரே பகைவர் நடுவில் அமர்ந்திருக்கும் சிறைப்பட்டவர்கள் எழுந்து, மேடையைக் குறுக்கே கடந்து, தம் நாட்டவர் பக்கம் வந்துவிடுவர். வாள் தரைக்கு வராவிட்டால் அவர்களும் எழ மாட்டார்கள். வழக்கம் இவ்வளவே.

முல்லைக்கோட்டார் தம் பங்கை முடித்துவிட்டனர். சென்ற திங்கள் அவர்கள் உப்பளத் தோல்வியை நடித்தபோது, சேற்றில் புதைந்த துணி யானைகளைப் பார்த்து முன்வரிசையில் நீர் எவ்வளவு மகிழ்ந்து கைதட்டினீர் என்பதை நாமும் கண்டோம், அவர்கள் அரசரும் கண்டார். அன்று அவர்களுக்கு மேடை நாயகமாக நின்றவர் எயினர். உப்பளத்தில் உம் கையில் யானைகளை இழந்து ஓடிய அதே எயினர். அவர் தம் துணியை உரிய வேளையில் உயர்த்தினார். நம்மிடம் சிறைப்பட்டிருந்த அவர்கள் வீரர் மேடை கடந்து வீடு போய்ச் சேர்ந்தனர். பிறகு எயினர் நம் பக்கம் வந்து மோர் கேட்டு வாங்கிப் பருகினார். பாதி மோரை மார்பில் கொட்டிக்கொண்டார். நீர் அப்போது துணி யானையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தீர் ஆதலால் அதைக் கவனித்திருக்க மாட்டீர்.

மூன்று திங்களுக்கு முன், நம் முறைக்கு நம் தந்தை தோற்ற நொச்சித்துறைப் போரை நடிக்க வேண்டும் என்றானபோது, மேடையும் களமும் ஒன்றே, ஆட்களை இடத்தில் நிறுத்தி வேளைக்கு நகர்த்துவதில் கற்க என்ன இருக்கிறது என்று கூறி நீராகவே இந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கினீர். அடுத்த நாளே கூத்தர் குழுத் தலைவி பூங்காவியார் முறையிட்டார். ஒப்பனைக் கொட்டகையின் வாயிலில் காவல் நிறுத்தி, அடையாளச் சொல் கூறாதவரை உள்ளே விடக் கூடாது என்று நீர் ஆணையிட்டதாகவும், அந்தச் சொல்லை மறந்த அவர் தம் சொந்தக் கொட்டகைக்கு வெளியே முகத்தில் பாதி அரிதாரத்தோடு வெயிலில் நின்றதாகவும் சொல்லியனுப்பினார். அவரை அடுத்துக் களஞ்சிய அதிகாரி வந்தார். யானை ஒன்றுக்கு உரிய கரும்பும் கவளமும் கேட்டு உம் ஆள் வந்ததாகவும், எந்த யானைக்கு என்று வினவியபோது அவன் விழித்ததாகவும் கூறினார். நாடகத்தில் ஒரு யானை உண்டு என்று கேட்டதும் தீனிக்கு ஆள் அனுப்பிவிட்டீர். அது துணி யானை என்று அறிந்தபின்னும் நீர் கேட்டதைத் திரும்பப் பெறவில்லை. யானையின் பின்னங்கால்களாக நடக்கும் கூத்தர், கரும்பு வந்தால் தமக்கும் பங்கு உண்டா என்று கேட்டாராம். அவர் கேட்டதில் நியாயம் இருப்பதாகவே நமக்குப் படுகிறது.

மறைவில் நிற்பவர் அங்கு இருப்பதே பார்ப்பவர்க்குத் தெரியக் கூடாது என்பது பூங்காவியார் உமக்குச் சொன்ன முதல் பாடம். உம் பொற்கழலோ நீர் ஓரடி வைத்தால் கடைசி வரிசை வரை கேட்கிறது. கழற்ற மறுத்து, மூன்று நாள் வழக்காடி, முடிவில் பஞ்சு சுற்றிக்கொள்ளச் சம்மதித்ததாக அறிந்தோம். மெல்லப் பேசுவது என்றால் என்ன என்பதில் இன்றுவரை உமக்கும் கூத்தர்களுக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது. நீர் ஒருவர் காதில் சொன்னதாக எண்ணும் சொல்லைக் கேட்டு அக்கரையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த எருமைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. மிகைப்படுத்துகிறோம் என்று எண்ண வேண்டாம். அந்த வேளையில் நாம் படகில் வந்துகொண்டிருந்தோம்.

ஆயினும் பூங்காவியாரின் முறையீடுகள் நாளடைவில் குறைந்தன. பின்னர் வந்த செய்திகளில் குறை பாதியும் வியப்பு பாதியுமாக இருந்தன. மர வாள், முடி, தாடி, செங்கோல் எதுவும் தொலையாதபடி, நீண்ட பலகையில் ஒவ்வொன்றின் உருவத்தையும் சுண்ணாம்பால் வரைந்து, அந்த உருவத்தின் மேலேயே அந்தப் பொருளை வைக்கச் செய்தீராம். எந்த இடம் வெறுமையாக இருக்கிறதோ அந்தப் பொருள் இல்லை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. படைக்கலச் சாலையில் நீர் நெடுங்காலமாகச் செய்து வந்தது இது. ஆனால் கூத்தர்கள் கண்டதில்லை. திரைக்கயிறு அறுந்த அன்று, அந்தக் காட்சி முடியும் வரை நீரே கயிற்றின் முனையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றதையும், உள்ளங்கைத் தோல் உரிந்ததை எவரிடமும் சொல்லாததையும் அவர் எழுதியிருந்தார். இந்த மனிதர் ஓயாமல் திட்டுகிறார், ஆனால் தூங்காமல் காக்கிறார், இவரைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது அவர் கடைசி ஓலையின் சாரம். அதைப் படித்துப் பெருமைப்பட்டோம். இந்த அளவுக்குக் கற்றுவிட்டவர் ஏன் ஒத்திகையில் அப்படிச் செய்தார் என்பதே நம் கேள்வி.

ஒத்திகையின்போது நீர் திரைக்கு உள்ளே நின்றதால், வெளியே அமர்ந்தவர்கள் கண்டது உமக்குத் தெரிந்திருக்காது. சொல்கிறோம். துறைக் காட்சி வந்தது. நீர் வகுத்த முறைப்படி, இடக்கையை உயர்த்தினால் ஆயத்தம், வலக்கையில் மஞ்சள் துணி உயர்ந்தால் முரசு நின்று பகைவரின் குதிரைகள் நுழைய, அரசர் வாளைக் கீழே வைக்க வேண்டும். உம் இடக்கை உயர்ந்ததைக் கூத்தர் அனைவரும் கண்டனர். வலக்கை உயரவில்லை. முரசு அடிப்பவர்கள் அடித்துக்கொண்டே இருந்தனர். இடுப்பில் மரக் குதிரையைக் கட்டிக்கொண்டு ஓரத்தில் ஆயத்தமாக நின்ற பகைவரில் ஒருவர் குதிரையோடு உட்கார்ந்துவிட்டார். செத்துக் கிடந்த வீரர்கள் எறும்பு கடித்ததால் எழுந்து, எழுந்த பின் சும்மா நிற்கக் கூடாதே என்று மீண்டும் போரிட்டு, மீண்டும் செத்தனர். நம் தந்தையாக நடித்த மூத்த கூத்தர் தத்தன், வாளை உயர்த்தியபடி தம் பாட்டை முடித்து, முதலிலிருந்து பாடி, அதையும் முடித்து, வேறு வழியில்லாமல் நாற்று நடவுப் பாட்டைப் பாடத் தொடங்கினார். நம் அமைச்சர்கள் சிரிக்காமல் இருக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாம் முயலவே இல்லை, சிரித்துவிட்டோம். பிறகு திரைச்சீலையின் ஓரமாக உம் முகம் தெரிந்தது. அதோடு நம் சிரிப்பு நின்றுவிட்டது.

தத்தன் கை மரத்துப்போய் வாள் தானாக நழுவி விழுந்தபோதுதான் அந்தக் காட்சி முடிந்தது. அவர் வாளை எடுக்காமல், அரிதாரத்தையும் கழுவாமல், படகேறி ஊர் போய்விட்டார். தோற்கவும் விடாத மேடையில் தமக்கு வேலை இல்லை என்று சொல்லிச் சென்றிருக்கிறார்.

பார்வையாளராக வந்திருந்த முல்லைக்கோட்டுத் தூதர் பண்புள்ளவர். தம் அரசர் சிறைப்பட்ட வீரர்களை உரிய நாளில் தவறாமல் அழைத்து வருவார் என்றும், அவர்களுக்குப் புத்தாடை நெய்து முடிந்துவிட்டது என்றும், மேடையில் வாள் தரைக்கு வராமல் நாடகம் முடிந்தால் அதே ஆடையோடு அவர்களைத் திருப்பி அழைத்துச் செல்வது தமக்கும் வருத்தமே என்றும், தாழைநாட்டார் அந்தப் போரை இப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறார்களா என்றும் நம்மிடம் மெல்லக் கேட்டார். இளநீர் கொடுத்து அனுப்பினோம்.

இனி உம் ஓலையின் இறுதிப் பகுதிக்கு வருகிறோம். விடுவிக்க இயலாதாயின் நாடகத்தில் சிறு திருத்தமாவது செய்ய வேண்டும் என்றும், அரசர் வாளை வைப்பதற்குச் சற்று முன்னால் மேட்டின்மேல் நம் குதிரைப்படை தோன்றுவதாகக் காட்டினால் பார்ப்பவர்க்குச் சுவையாக இருக்கும் என்றும் எழுதியிருக்கிறீர். சுவை குறித்து நீர் கவலைப்படுவது இதுவே முதல் தடவை. அந்த வரியை வாசிக்கும்போது கீரனார் ஓலையைக் கீழே வைத்துவிட்டார். நாமும் அதை மறுபடி வாசிக்கச் சொல்லவில்லை.

உம் மனத்தில் இருப்பது நமக்குத் தெரியும், அம்மான். காலையில் உப்பளத்தில் வென்றீர். ஓடியவர்களைத் துரத்தினீர். அதன் பிறகே துறைக்குத் திரும்பினீர். நீர் வந்து சேர்ந்தபோது நம் தந்தையின் வாள் மணலில் கிடந்தது, நம் வீரர்கள் கயிற்றில் கட்டப்பட்டு அக்கரை ஏறிக்கொண்டிருந்தனர். துரத்தாமல் திரும்பியிருந்தால் என்று எண்ணி எண்ணி, அந்த நாளிலிருந்து நீர் நிம்மதியாக உறங்கவில்லை என்று நம் அத்தையாகிய உம் மனைவியார் சொல்லி அறிவோம். ஒத்திகையில் துணியைப் பிடித்து நின்றபோதும் நீர் காத்துக்கொண்டுதான் இருந்தீர். மேடைக்கு வராத ஒரு குதிரைப்படைக்காகக் காத்தீர். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அது வந்துவிடும் என்று உம் கைக்குத் தோன்றியிருக்கிறது.

நம் தந்தை மருதங்கோ நோயில் கிடந்தபோது நம்மிடம் ஒன்று சொன்னார். சிறைப்பட்டவர்கள் வீடு திரும்பிய பின்னரே அதை உம்மிடம் கூற வேண்டும் என்று வாக்கும் பெற்றுக்கொண்டார். அந்த வாக்கைச் சில நாள் முன்னதாக மீறுகிறோம். அன்று துறையில் நின்றபோது மேட்டுக்கு அப்பால் புழுதி எழுவதைத் தாம் கண்டதாகவும், அது உம் படை என்று உடனே அறிந்ததாகவும், அறிந்த பிறகே வாளைக் கீழே வைத்ததாகவும் அவர் சொன்னார். நீர் வந்திருந்தால் போர் அந்திவரை நீண்டிருக்கும். வெற்றியும் நமதாகியிருக்கும். ஆனால் இரு கரைக்கும் நடுவே மார்பளவு நீரில் அம்புக்கு நேராக நின்ற நம் வீரர்களில் ஒருவரும் அந்த வெற்றியைக் காண இருந்திருக்க மாட்டார்கள். பூதன் வருமுன் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன், அவன் வந்தால் என்னைத் தோற்க விட மாட்டான் என்றார். இதை முன்பே அறிந்தால் நீர் தம்மை மன்னிக்க மாட்டீர் என்று அஞ்சினார். களத்தில் அஞ்சாதவர் உமக்கு அஞ்சினார்.

நீர் தாமதமாக வரவில்லை. உமக்காகக் காத்திருக்கக் கூடாது என்று அவர் முடிவு செய்தார். மூன்று ஆண்டுகளாக நீர் சுமப்பது உம் தவறு அன்று. அது அவர் விரும்பிச் செய்த செயல், அவர் செய்தவற்றில் நாம் மிகவும் பெருமைப்படும் செயலும் அதுவே. உம்மை எண்ணி மனம் கனத்துப்போகிறது. இதையும் எழுதுக என்று கீரனாருக்குச் சொன்னோம்.

இனி நம் ஆணை. உமக்கு விடுவிப்பு இல்லை. திருத்தமும் இல்லை, குதிரைப்படை மேட்டின்மேல் தோன்றாது. தத்தன் திரும்பி வர மறுத்துவிட்டதாலும், வேறொருவர் அந்தப் பாட்டைக் கற்க நாள் போதாததாலும், நம் தந்தையாக மேடையில் நாமே நிற்கப் போகிறோம். அரசி நடிக்கலாமா என்று அமைச்சர்கள் பழைய ஆவணங்களைப் புரட்டித் தடை எதுவும் இல்லை என்று கண்டனர். தடை இருந்திருந்தாலும் வந்திருப்போம். பிறந்தது முதல் அரண்மனையில் நடந்து பழகியதால் அரசரைப் போல் நடப்பது எளிது என்று எண்ணினோம். தளும்பும் குடத்தைத் தூக்கி வருபவரைப் போல் நடக்கிறோம் என்று பூங்காவியார் கருதுகிறார். பாட்டில் மூன்றாம் அடி இன்னும் மனத்தில் நிற்கவில்லை. ஆகவே மேடையில் உம் உதவி நமக்குத் தேவைப்படும்.

திரைக்குப் பின்னால் நம்மைக் கண்டால் வணங்க வேண்டாம். இடம் மாறி நின்றால் தோளைப் பிடித்துத் தள்ளி நிறுத்துக. அடியை மறந்தால் எடுத்துக் கொடுக்க, ஆனால் எருமைகளுக்குக் கேட்காதவாறு. அங்கே அரசி இல்லை, நீர் சொல்லும் வேளைக்கு நுழைந்து நீர் சொல்லும் வேளைக்கு நிற்கும் கூத்தருள் ஒருவரே இருப்பார்.

துறைக் காட்சியில் நாம் வாளை உயர்த்தி உம் பக்கம் திரும்பி நிற்போம். உம் துணி உயரும்வரை வாளை இறக்க மாட்டோம். கை மரத்து வாள் நழுவவும் விட மாட்டோம், தத்தனைவிட நமக்குப் பிடிவாதம் அதிகம். எதிரே புத்தாடையில் அமர்ந்திருப்பவர்களும் நம் வாளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்று துறையில் அவர்களை உயிரோடு கரையேற்றியவர் நம் தந்தை. அவர்களை வீட்டுக்கு அனுப்பி வைக்கும் வேலையை அவர் உமக்காக விட்டுச் சென்றிருக்கிறார். அதை வேறு எவரிடமும் கொடுக்க நமக்கு மனமில்லை.

தாழை மடலும் சங்கும் பொறித்த நம் முத்திரையை இவ்வோலையின் தலையில் நம் கையாலேயே இட்டோம். எழுதியவர் ஓலைநாயகம் கீரனார், கொண்டு வருபவர் படகுக் காவலர் தலைவர். ஆணை கைக்கு வந்ததற்கு மறுமொழி ஓலையாக வர வேண்டாம், துணியாக உயரட்டும்.